மதீஹா கேட்ட வரைபடம்

கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்னால் அபூ இப்ராஹீம் அதன் மேலிருக்கும் பூவேலைத் துணியை எடுப்பார். இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்து, நாற்காலி முதுகில் போடுவார். பிறகு பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அடுத்தது டியூப் லைட். அது துடிக்காமல் நின்று எரிந்தால்தான் பொத்தானுக்கு விரல் போகும். துடித்தால் கைகட்டி நிற்பார். பொத்தானை அழுத்திய பிறகும் உட்கார மாட்டார். சின்னக் கண்ணாடித் தம்ளரில் டீயைக் கலக்க ஆரம்பிப்பார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும், கரண்டி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும்: நினைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது, தொடர வேண்டுமானால் எஃப்-ஒன்னை அழுத்து. படிக்காமலே அழுத்துவார். அப்புறம் தேதி. அந்தப் பெட்டிக்கு ஒவ்வொரு தடவையும் 2002 ஜனவரி ஒன்றுதான். நாள், மாதம், வருஷம் என்று ஒவ்வொன்றாகத் தட்டி அதை இன்றைக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். அதற்குப் பிறகுதான் நாற்காலி.

உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, அது செத்துப்போனதால்தான் இந்தக் கூத்து, ஒரு டீ விலைக்குப் புதிது கிடைக்கும் என்று நான் சொன்னேன்.

"கேட்டுட்டுப் போகட்டும் கண்ணு," என்றார். "இன்னிக்கு என்ன தேதின்னு என்கிட்ட வேற யாரு கேக்கறாங்க?"

அவர் பெயர் கலீல். எங்கள் பாக்தாதில் கலீல் என்று ஒருவருக்குப் பெயர் இருந்தால் வயது ஏறியதும் அவரை அபூ இப்ராஹீம், இப்ராஹீமின் அப்பா, என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளை இருக்கிறதா, கல்யாணம் ஆனதா என்று பார்ப்பதில்லை. வெறும் பெயரைச் சொல்வதுதான் குறை. அறுபத்து மூன்று வயதில் அவருக்கு இப்ராஹீமும் இல்லை, இப்ராஹீமின் அம்மாவும் இல்லை. கட்டட வரைபடம் போடுகிற ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோடு இழுத்தவர். முதலில் மையில், பிறகு கம்ப்யூட்டரில். பாக்தாதில் பாதிக் கட்டடங்களின் மாடிப்படி தன் கையால் ஏறியது என்பார். எந்தக் கட்டடம் என்று கேட்டால், "இப்ப இல்ல, இடிஞ்சுபோச்சு," என்பார். கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் அதுவாகவே இருக்கும்.

நான் அவர் குடியிருக்கும் சந்திலேயே, வஸீரிய்யாப் பேட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அதிகம் பேசத் தெரியாது. அதனாலேயே என்னை அவருக்குப் பிடித்திருக்கலாம். சாயங்காலம் கடை அடைத்ததும் அவர் வீட்டில் போய் உட்காருவேன். அவர் வரைவார், நான் ஏதாவது படிப்பேன். ஓய்வு பெற்ற மனிதர் என்னத்தை வரைகிறார் என்று முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தேன். தினமும் திறப்பது ஒரே வரைபடம்தான். ஒரு ஜன்னலை ஒரு கை அளவு நகர்த்துவார், பார்ப்பார், பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைப்பார். மூடிவிடுவார்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை அவருடைய போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார். எழுந்து நின்றுகொண்டு எடுத்தார்.

"சித்த் மதீஹா... ஆமா, ஆமா, நான்தான். எப்ப வந்தீங்க?"

சித்த் என்றால் அம்மணி. அதற்கு மேல் அவர் பேசியது முழுக்க ஆமா, ஆமா மட்டும்தான். போனை வைத்த பிறகும் உட்காரவில்லை.

"வரைபடம் இன்னும் இருக்கான்னு கேட்டாங்க," என்றார் சுவரைப் பார்த்து. "வேணுமாம். வியாழக்கிழமை நேர்ல வந்து வாங்கிக்கறாங்களாம். இங்க. இந்த வீட்டுக்கு."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. மதீஹா அவர் அலுவலகத்தில் பொறியாளர். இவர் போட்ட கோட்டைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர். தன் அப்பா இங்கே கொடுத்த மனையில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்று அவர் சொல்ல, அலுவலக நேரத்துக்கு அப்பால் இவர் வரைந்து கொடுத்திருக்கிறார். இந்த வீட்டில், இந்தக் கம்ப்யூட்டரில். இவருடைய அம்மா உயிரோடிருந்த காலம். மதீஹா தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவாராம். ஒரு குளிர்காலம் முழுக்க மதீஹாவும் இவரும் சமையலறை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு அறைக்கு மட்டும் பெயர் எழுதவில்லை. என்ன போடட்டும் என்று இவர் கேட்டதற்கு, "அப்படியே விடுங்க, பின்னாடி பாத்துக்கலாம்," என்றாராம் மதீஹா. அதற்குப் பின்னாடி வந்தது 2006. உள்நாட்டுச் சண்டையில் தெருவில் பிணம் கிடந்த வருஷம். ஒரு விடியற்காலையில் அவர்கள் குடும்பம் ஜோர்டானில் அம்மான் நகரத்துக்குப் போய்விட்டது. தம்பி மட்டும் சில வருஷம் கழித்துத் திரும்பி வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்சூரில் இருக்கிறார். இப்போது மதீஹா வந்திருப்பது அந்த மனையை விற்கும் கையெழுத்துக்காக.

"அம்மான்ல கட்டப் போறாங்கபோல இருக்கு," என்றார். "கடைசியில கட்டப் போறாங்க."

"ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

"எதுக்கு? அது அதோட இடத்துல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஐம்பதைத் தொட்டது. அரசாங்கக் கரண்ட் காலையிலேயே போய்விட்டது. சந்துக்கெல்லாம் ஜெனரேட்டர் கரண்ட் கொடுப்பவன் தியாப். தடித்த ஆள், தடித்த குரல். எல்லோரும் ஏசி போட்டதில் அவன் கம்பியில் வந்தது கரண்ட் இல்லை, கரண்டின் நிழல். கம்ப்யூட்டர் வருவதும் அணைவதுமாக இருந்தது. அபூ இப்ராஹீம் வாசலில் நின்று கத்தினார்.

"தியாப்! நீ அனுப்பறது கரண்டா, கஞ்சியா?"

"கஞ்சியாவது வருதேன்னு கும்புடுங்க எசமான்! பெட்டி எந்திரிக்கலன்னா பின்னாடி சிவப்பா ஒரு ஸ்விட்ச் இருக்கும். அத நூத்திப் பதினஞ்சுல தள்ளி விடுங்க. என் கரண்டுக்கு அது போதும். எங்க வீட்டுல அப்படித்தான் ஓடுது."

கோடையில் பாக்தாதில் பலரும் செய்கிற வேலைதான் இது. கரண்ட் மெலிந்தால் பெட்டியையும் மெலிந்த கரண்டுக்குப் பழக்கிவிடுவது. தள்ளினார். பெட்டி சிங்கம் மாதிரி எழுந்தது. அன்று முழுக்க ஓடியது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் சந்து முழுக்கக் குழந்தைகள் கத்தினார்கள்: "வந்துடுச்சு! வந்துடுச்சு!" அரசாங்கக் கரண்ட், கொழுகொழுவென்று முழு இருநூற்று இருபதும். பெட்டிக்குள் பட்டாசு வெடித்தது. அப்புறம் கருகிய மீன் வாடை.

நான் போனபோது அவர் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வியாழக்கிழமை வர்றாங்க, ஸினான்," என்றார்.

திங்கட்கிழமை பாபுஷ் ஷர்க்கியில் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு பவர் சப்ளை வாங்கி வந்தேன். நான் மெக்கானிக் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் அடம்பிடித்துப் பழகியவன், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருபது வருஷத்துப் புழுதிக்காற்று படிந்து கிடந்தது. பிரஷ்ஷால் துடைத்தேன். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, சிவப்பு ஸ்விட்ச்சை முழுக் கரண்டுக்குத் தள்ளி அதன்மேல் டேப்பும் ஒட்டினேன். பொத்தானை அழுத்தினோம். ஃபேன் சுற்றியது. அபூ இப்ராஹீம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெட்டி கத்த ஆரம்பித்தது. நீளமாக ஒரு கத்தல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி நீளமாக. திரை கறுப்பு.

தியாப் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். குற்றவுணர்ச்சியில் வந்தவன், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாதவன்.

"என்னது, ஆம்புலன்ஸ் ரிவர்ஸ் எடுக்குது?"

"அது ராம் இல்லேன்னு, மெமரிப் பட்டை இல்லேன்னு சொல்லுது," என்றேன். "இருக்கு, ஆனா அதுக்குத் தெரியல."

"எம் பொண்டாட்டி மாதிரியா? நான் எதிர்ல நிக்கிறேன், எங்கடா போன மனுசன்னு கத்துவா."

அபூ இப்ராஹீம் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். ராம் பட்டைகளைக் கழற்றி, பொன் நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தோம். கத்தல். இடம் மாற்றி மாட்டினோம். கத்தல் நின்றது. ஒரே ஒரு சின்னக் குரல் கொடுத்துவிட்டுத் திரையில் எழுத்து வந்தது: கீபோர்டு இல்லை. தொடர எஃப்-ஒன்னை அழுத்து.

தியாப் அதை என்னிடம் படித்துக் காட்டச் சொன்னான். இரண்டு தரம் கேட்டான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"கீபோர்டு இல்ல, கீபோர்டுல அழுத்து! இத நம்ம ஆபீசர் எவனோதான்யா செஞ்சிருக்கான். அடையாள அட்டை தொலஞ்சுபோச்சுன்னு போனா, அடையாள அட்டைய எடுத்துட்டு வான்னு சொல்வானே!"

அபூ இப்ராஹீமும் சிரித்துவிட்டார். துடைக்கும்போது கீபோர்டு ஒயரை மவுஸ் துளையில் மாட்டியிருக்கிறேன். மாற்றினேன். பிறகு வழக்கமான எழுத்து வந்தது, நினைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று. அவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தானே எஃப்-ஒன்னை அழுத்தினார். தேதியையும் போட்டார். மூன்று பேரும் திரைக்குக் குனிந்தோம்.

டிஸ்க் கிடைக்கவில்லை, சிஸ்டம் டிஸ்க்கைப் போட்டு எண்டரை அழுத்து.

யாரும் சிரிக்கவில்லை. சாம்பல் நிறப் பட்டை ஒயரைக் கழற்றி மாட்டினேன். வேறு ஒயர் போட்டுப் பார்த்தேன். அதே எழுத்து. வெடித்ததில் டிஸ்க்கும் போயிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த வரைபடத்தைத் திறக்கும் பழைய புரோகிராமும் அதற்குள்தான் இருந்தது.

மறுநாளும் அப்படியே போனது. தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவன் டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வை என்றான். இதற்கிடையில் அபூ இப்ராஹீம் வீட்டை விருந்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். ஏசியைக் கழுவினார். ஆறு புதுத் தம்ளர் வாங்கி வந்தார். மதீஹாவுக்குக் காய்ந்த எலுமிச்சை போட்ட டீதான் பிடிக்கும் என்று பஸ்ரா எலுமிச்சை ஒரு பை. பின் சந்தில் ஒரு அம்மாளிடம் டோல்மா சொல்லி வைத்தார், வெங்காயத்திலும் கத்திரிக்காயிலும் அரிசி திணித்தது, மாதுளைப் புளிப்போடு. கடைத்தெருவில் எல்லோரும் அவரை நிறுத்தி, "என்ன, இப்ராஹீமுக்குக் கல்யாணமா?" என்றார்கள். இரவு தனியாக உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து அந்த வீட்டைக் காகிதத்தில் வரைய முயன்றிருக்கிறார். மேஜையில் கிடந்ததை நான் பார்த்தேன். எல்லா அளவும் எழுதியிருந்தது. ஆனால் கோடுகள் நடுங்கின. கை முன்போல் இல்லை. அதைத் தர அவருக்கு மனம் வராது என்பதும் தெரிந்தது.

புதன்கிழமை காலை தியாப் டிஸ்க்கை ஒயரோடு பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, பெட்டியைப் போடச் சொல்லி, காதில் வைத்துக் கேட்டான்.

"இது ஓடவே இல்லையே," என்றான். "ஜெனரேட்டருக்கு டீசல் ஏறலன்னா இப்படித்தான் கம்முனு கெடக்கும். இதுக்குக் கரண்ட் போகுதா?"

போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு ஒயர் சேர்ந்த வெள்ளை இணைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய சாமான் கடையில் வாங்கியதல்லவா. நான்கு ஊசிக்குழாய்களில் ஒன்று உள்ளே பின்வாங்கியிருந்தது. அழுத்தி மாட்டும் ஒவ்வொரு தரமும் அது இன்னும் உள்ளே போயிருக்கிறது. பெட்டியை அணைத்து, சாமணத்தால் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே மாட்டி, பொத்தானை அழுத்தினேன். டிஸ்க் கையில் அதிர்ந்தது. மெல்ல ஒரு ரீங்காரம். அபூ இப்ராஹீம் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

எஃப்-ஒன். தேதி. இந்த முறை திரையில் நீலம் வந்தது.

வரைபடத்தைத் திறந்தார். பழைய பெட்டி, ஒவ்வொரு கோடாகத்தான் வரையும். முதலில் வெளிச்சுவர் வந்தது. பிறகு தூண்கள், பிறகு கதவுகள் திறக்கும் அரைவட்டங்கள். சமையலறை, வாசலைப் பார்த்துக்கொண்டு. "அதுல அவங்கதான் ஜெயிச்சாங்க," என்றார். மாடிப்படி, படிபடியாக. கடைசியில் பெயர்கள். கூடம், சமையல், புத்தகம். பெயரில்லாத அறை காலியாகவே நின்றது.

தியாப் இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டான். "போடுங்க போன! சொல்லுங்க அம்மணிகிட்ட, வீடு ரெடின்னு!"

போட்டார். எங்கள் முன்னாலேயே, ஸ்பீக்கரில். எழுந்து நின்று, பெட்டி கெட்டுப்போய் இப்போதுதான் சரியானதைச் சொன்னார்.

"திறந்துடுச்சா?" என்றது மதீஹாவின் குரல். கொஞ்சம் கரகரப்பான, பழகிய அதிகாரக் குரல்.

"திறந்துடுச்சு சித்த் மதீஹா. ஒரு கோடுகூடப் போகல."

"நல்லது. அப்ப நாளைக்கு மத்தியானம் வந்துடறேன்."

அபூ இப்ராஹீம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. புழுதிக்காற்று வரும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

"இந்த வெயில்ல, இந்தப் புழுதியில எதுக்கு உங்களுக்குச் சிரமம்? பாலத்துல வண்டி நகராது. பென் டிரைவ்ல போட்டு ஸினான்கிட்ட கொடுத்து விடறேன்."

"சிரமம் என்ன? கார் இருக்கு."

"இல்லல்ல. உங்க தம்பி வேற வேலைய விட்டுட்டு ஓட்டணும். என்னால உங்களுக்குத் தொந்தரவு கூடாது."

"தொந்தரவு இல்ல, அபூ இப்ராஹீம்."

"அல்லாஹ் மேல ஆணை, உங்கள அலைய விடமாட்டேன். இது என் கடமை."

எங்கள் ஊரில் மரியாதை என்பது கயிறு இழுக்கிற மாதிரி. நீ வராதே, சிரமம் என்று ஒருவர் சொல்ல வேண்டும், இல்லை வருவேன் என்று மற்றவர் சொல்ல வேண்டும். ஆணையிட்டுவிட்டால் இழுத்தவர் ஜெயித்துவிட்டார். அதற்கு மேல் மறுத்தால் அவமரியாதை. தியாப் நெற்றியில் அறைந்துகொண்டு, இரண்டு கையையும் ஆட்டி, வாயசைத்தான்: வரச் சொல்லு, மடையா, வரச் சொல்லு. அபூ இப்ராஹீம் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும், ஆரம்பித்த மரியாதையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போயிருக்கலாம்.

மதீஹா அதற்கு மேல் இழுக்கவில்லை.

"சரி," என்றார் மதீஹா. "உங்க கை நல்லா இருக்கட்டும்."

வியாழக்கிழமை மத்தியானம் நான் மன்சூருக்குப் போனேன். தம்பி மகன் அவ்ஸ் கதவைத் திறந்தான், என் வயதுதான் இருக்கும். மதீஹா கூடத்தில் இருந்தார். வீட்டில் இருப்பவர் மாதிரி இல்லை. வெளியே கிளம்புபவர் மாதிரி உடுத்தி, கைப்பை மடியில் இருந்தது. தண்ணீர் கொடுத்தார். பென் டிரைவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கா இதுல?"

"எல்லாம் இருக்கு."

"அவரு எப்படி இருக்காரு?"

நல்லா இருக்கார் என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஏசி கழுவியதை, எலுமிச்சையை. என் நாக்குக்கு அவ்வளவுதான் வந்தது.

"டீய இன்னும் கலக்கிட்டேதான் இருக்காரா?"

"ஆமா."

சிரித்தார். சிரிப்பை முடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அபூ இப்ராஹீம் சந்து முனையிலேயே நின்றிருந்தார், புழுதியில், முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு.

"என்ன சொன்னாங்க?"

"உங்களப் பத்திக் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

சொன்னேன். என்ன மாதிரி குரலில் கேட்டார், உட்கார்ந்து கேட்டாரா, நின்று கேட்டாரா என்று விசாரித்தார். சொல்லிவைத்த டோல்மா வந்துவிட்டிருந்தது. பெரிய பாத்திரம். தியாபும் நானும் அவரும் உட்கார்ந்தோம். தியாப் மூன்று ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டான், ஒவ்வொரு கவளத்துக்கும் திட்டிக்கொண்டே.

"புழுதியாம்! பாலமாம்! அந்தம்மா அம்மான்லேர்ந்து பறந்து வந்திருக்கு, ஆத்தத் தாண்ட முடியாதாக்கும்?"

"அவங்க சிரமப்படக் கூடாது," என்றார் அபூ இப்ராஹீம். புதுத் தம்ளர்களில் எங்களுக்கு எலுமிச்சை டீ ஊற்றினார்.

அவர் எதிர்பார்த்தது வேறு. வீடு கட்டுகிறவர்கள் வரைந்தவரைக் கேட்காமல் கட்ட முடியாது என்பார். உத்தரம் எவ்வளவு கனம், படிக்கு அடியில் என்ன, அம்மான் மண்ணுக்கு அஸ்திவாரம் எத்தனை ஆழம் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் பெட்டி எந்த நேரமும் தயாராக இருந்தது. நான் கடைசியில் அந்தப் பேட்டரியை மாற்றிக் கொடுத்தபோதுகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி வரும்போது தேதி போட்டுக்கொண்டிருக்க முடியாது என்றார். கட்டுமானத்துக்கு ஏற்ற மாதம் செப்டம்பர் என்றார். அக்டோபரில், அங்கே மழை முடியட்டும் என்றார். போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுதான் எடுத்தார்.

டிசம்பரில் ஒரு நாள் அவ்ஸ் என் கடைக்கு வந்தான். பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறானாம். பாடத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது, எப்படிக் கேட்பது என்று யோசித்து யோசித்து, கடைசித் தாளில் கேட்டேன்.

"உங்க அத்தை வீட்டு வேல ஆரம்பிச்சாச்சா?"

"எந்த வீடு?"

"அம்மான்ல. அபூ இப்ராஹீம் வரஞ்சு குடுத்தாரே, அது."

"அதுவா?" என்றான் அவ்ஸ், தாள்களைத் தட்டி அடுக்கியபடி. "அது கட்டிப் பதினோரு வருசம் ஆச்சே. இங்கேருந்து போகும்போது பிரிண்ட்டக் கையோட எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஒரு கல்லுகூட மாத்தக் கூடாதுன்னு மேஸ்திரிகூட நின்னு கட்டினாங்களாம். இப்பவும் அதுலதான் இருக்காங்க."